பத்தாவது துளி

எழுத்து பின்னோக்கி நடந்து போவதை நான் முதன்முதலில் பார்த்தது மதுரை திருநகரில்தான். ஒரு தையற்கடையின் மாடியில் மூன்று மேசைகளும் ஒரு மின்விசிறியும் கொண்ட அலுவலகம் எங்களுடையது. கணினித் திரையில் நான் வரைந்த திராட்சை ரசக் கிண்ணத்துக்குக் கீழே வாழ்த்து வரியை ஒட்டினேன். அது வலப்பக்க ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக ஓடியது. அழித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். இந்த முறை எழுத்துகள் வரிசை மாறி நின்றன. பக்கத்து மேசை முத்துப்பாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணே, கோழி கிண்டுன மாதிரி இருக்கு. எந்தப் பக்கத்துல இருந்துண்ணே வாசிக்கணும்?" என்றான். எனக்கும் தெரியவில்லை. அப்படியே அனுப்பிவைத்தேன். மறுநாள் வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது: "வரி திரும்பியிருக்கிறது. இப்படியே போனால் எங்கள் பாட்டிமார் கண்ணாடி முன்னால் நின்றுதான் வாசிக்க வேண்டும்."

அது எபிரேய மொழி. பதில் எழுதியவர் பெயர் ரூத். அமெரிக்காவில் யூதப் பெருநாள்களுக்கு மின்வாழ்த்து அட்டை விற்கும் சின்ன நிறுவனம் அவருடையது. படம் வரைவது, அதை அசைய வைப்பது, கடைசியில் வாடிக்கையாளர் தரும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அனுப்புவது, எல்லாம் எங்கள் வேலை. தாங்களாக அனுப்பத் தெரியாத முதியவர்கள் சொல்ல வேண்டியதை எழுதித் தந்துவிடுவார்கள். நான் அவர்கள் பெயரில் அனுப்புவேன். 'அன்புள்ள டேவிட், அம்மா இல்லாத முதல் பெருநாள், மேசையிலிருந்து அவளுடைய நாற்காலியை எடுத்துவிடாதே.' 'செல்லப் பேத்திக்கு, வீட்டின் கடைக்குட்டி விருந்தில் கேட்கும் நான்கு கேள்விகளையும் இந்த வருடம் நீதான் கேட்க வேண்டும்.' பெருநாள் நெருங்கினால் ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு குடும்பங்களுக்குள் புகுந்து வெளியே வருவேன். மாலையில் பேருந்து ஏறி, திருமங்கலம் சாலையில் இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவே நடந்தால் எங்கள் அகதி முகாம் வந்துவிடும்.

மன்னாரில் இருக்கும் என் ஆட்களே, அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போன என் ஆட்களே, நீங்கள் தொலைபேசியில் கேட்கிறீர்கள், "உங்களுக்கென்ன, தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், சொந்த வீட்டில் இருப்பது மாதிரித்தானே" என்று. உங்களுக்கு மொழி தெரியாத ஊர். வாய் திறந்தாலே அந்நியர் என்று தெரிந்துவிடும். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இங்கே நான் வாய் திறந்த பிறகும் மூன்று, நான்கு வாக்கியம் வரைக்கும் உள்ளூர்க்காரனாக இருக்கலாம். ஐந்தாவது வாக்கியத்தில் பிடிபட்டுவிடுவேன். பதினைந்து வயதில் வந்தவன். திருமங்கலத்தில் பள்ளிக்கூடம் போனேன், வரைகலை டிப்ளமோ முடித்தேன். வேலையில் மதுரைத் தமிழ், வீட்டில் மன்னார்த் தமிழ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் மறந்துபோய், "சாப்பிட்டுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். முத்துப்பாண்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "யாரைண்ணே போடப் போறீக? இந்த ஊர்ல ஒருத்தனைப் போட்டுட்டு வாரேன்னா கொன்னுட்டு வாரேன்னு அர்த்தம்ண்ணே!" உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன் அவன். நல்லவன். நானும் சிரித்தேன்.

முதலாளி பத்மநாபன் சௌராஷ்டிரர். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எங்களுக்கு விளங்காத மொழிக்கு மாறிவிடுவார். முகாம் அட்டையைப் பார்த்ததுமே பல இடங்களில் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க ஆளுக இங்க வந்து எம்புட்டோ தலைமுறை ஆச்சு ஜூட்டு. இன்னும் நாங்க பேசுறதைக் கேட்டா எந்த ஊருன்னு கேக்குறாங்க. ஒன் கஷ்டம் எனக்குத் தெரியும், நாளைக்கே வா" என்றார். அதை நான் மறக்கவில்லை. பின்னால் நடந்ததைச் சொல்லும்போதும் அதை மறக்காமல்தான் சொல்கிறேன்.

இந்த வருடம் பெசாக் என்று அவர்கள் சொல்லும் பாஸ்காப் பெருநாளுக்கு ரூத் ஒரு பெரிய அட்டை கேட்டார். எகிப்தில் அடிமையாக இருந்தவர்கள் தப்பிப் போன கதை. மன்னாரில் மறைக்கல்வி வகுப்பில் படித்த கதைதான். அரசன் விட மறுத்ததால் அவன் நாட்டின்மேல் இறங்கிய பத்துத் துன்பங்களும் அட்டையில் ஒவ்வொன்றாக வர வேண்டும். விரலால் தொட்டால் ஆற்றுத் தண்ணீர் இரத்தமாக வேண்டும், தவளைகள் தாவ வேண்டும், வெட்டுக்கிளி பறக்க வேண்டும். பத்தாவது, தலைப்பிள்ளைகளின் சாவு. நான் என் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் வரிசையாக எழுதிக்கொண்டேன். கடைசி வரிகள் இப்படி இருந்தன: 'இருட்டு, மூன்று நாள். வீட்டுக்கு ஒரு தலைப்பிள்ளை சாவு. வாசலில் இரத்தம் பூசிய வீடுகளை விட்டுவிட வேண்டும். பிறகு கடல்.'

ரூத் இன்னொன்றும் எழுதியிருந்தார். பெருநாள் விருந்தில் இந்தப் பத்தையும் வாசிக்கும்போது அவர்கள் ஒவ்வொன்றுக்கும் விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, ஒரு துளி திராட்சை ரசத்தைத் தட்டில் விடுவார்களாம். செத்தவர்கள் எதிரிகளானாலும் அவர்களும் மனிதர்கள். அவர்கள் பட்ட துன்பத்துக்காக நம் கிண்ணத்திலும் பத்துத் துளி குறைய வேண்டும் என்பது அதன் பொருளாம். அந்த மின்னஞ்சலை நான் நாலைந்து தடவை படித்தேன். பத்துத் துளிகளையும் அசைய வைக்க இரண்டு நாளானது. ஒன்பது துளிகள் சரியாக விழுந்தன. பத்தாவதை எத்தனை தடவை செய்தும் மனம் ஒப்பவில்லை. விரலிலிருந்து பிரியும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். "அண்ணே, அது என்ன சவ்வு மாதிரி இழுக்குது, பட்டுனு விடுங்கண்ணே" என்றான் முத்துப்பாண்டி.

கடல் பிளந்து வழிவிடும் காட்சியைப் பார்த்துவிட்டு ரூத்திடமிருந்து வந்த பதில் இது: "படம் மிக அழகாக இருக்கிறது. ஆனால் கடலைக் கடப்பவர்கள் கரை சேரப்போவது தெரியாதவர்கள் போல இருக்கிறார்கள். இது மகிழ்ச்சியான காட்சி. தயவுசெய்து சிரிக்க வையுங்கள்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் வரைந்தது எகிப்துக்காரர்களின் கடல் இல்லை. மன்னாரின் பேசாலைக் கரையில் ஒரு மாலையில் பதினெட்டுப் பேர் ஏறிய படகு அது. அப்பா அதற்கு முந்தின வருடமே ஷெல் அடியில் போய்விட்டார். அம்மா, நான், என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணன் அன்ரன், மூன்று பேரும் ஏறினோம். விடியும் நேரம் ஒரு ரோந்துப் படகு எங்கள் பக்கம் திரும்பிச் சுட்டது. எந்தக் கரையின் படகு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் குனிந்தோம். நிமிர்ந்தபோது அன்ரன் மட்டும் நிமிரவில்லை. கழுத்தில் பட்டிருந்தது. அம்மா சேலையைச் சுருட்டி அமுக்கிப் பிடித்தார். இரத்தம் அம்மாவின் விரல்களுக்கு நடுவே ஊறி வந்து, படகின் அடியில் ஏறிக்கொண்டிருந்த கடல்நீரோடு கலந்தது. சூடு படகின் பக்கவாட்டிலும் பட்டு ஓட்டை விழுந்திருந்தது. ஒருவன் சட்டையைக் கழற்றி ஓட்டையில் அடைத்தான். மற்றவர்கள் கைகளால் தண்ணீரை இறைத்தோம். இறைத்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

முதலில் பைகளைக் கடலில் போட்டார்கள். பிறகு எண்ணெய்க் கலனை. அப்புறம் படகோட்டி அம்மாவிடம் வந்து, "அக்கா, உயிர் இல்லை. இருக்கிற ஆக்களைக் காப்பாத்த வேணும்" என்றான். அம்மா அன்ரனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் அம்மாவின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. படகோட்டி வலை அறுக்கும் கத்தியால் சட்டையை அறுத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் விழுந்த சத்தம் பை விழுந்த சத்தத்தைவிடப் பெரிதாக இல்லை. வெயில் ஏறியபோது எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிப் போனது. முழங்கால் தண்ணீரில் நின்றபோது அம்மாவின் கையில் ஒரு முழ நீலத்துணி இருந்தது.

அன்ரன் எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளை.

இதையெல்லாம் ரூத்துக்கு எழுத முடியாது. படத்தில் எல்லோருடைய வாயோரத்தையும் கொஞ்சம் மேலே தூக்கினேன். ஒரு கோடுதான். சிரித்துவிட்டார்கள்.

அனுப்பும் வேலை உச்சத்தில் இருந்த வாரத்தில், மதுரை விமான நிலையத்துக்குப் பெரிய தலைவர் ஒருவர் வருவதாக இருந்தது. அப்படி யாராவது வந்தால் முகாமில் சோதனை நடக்கும். அன்று மாலையும் வரிசையில் நிற்க வைத்துக் கைப்பேசிகளை வாங்கிப் பார்த்தார்கள். என்னுடையதை ஒரு காவலர் வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எபிரேய எழுத்துப் படங்கள், நோட்டுப் புத்தகப் பக்கத்தின் புகைப்படம், என் மனைவி நிரோஜாவுக்கு அன்று மத்தியானம் நான் அனுப்பிய செய்தி. கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் நான்கு பேர் தையற்கடை மாடிக்கு ஏறி வந்தார்கள். கணினியை அணைக்கக்கூட விடவில்லை. படியில் இறங்கும்போதே பின்கழுத்தில் முதல் அடி விழுந்தது. தையற்கடைக்காரர் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நகருக்குள் என்னைக் கொண்டுபோன கட்டடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜன்னல் இருந்த அறைதான். வெளியே பேருந்துகளின் சத்தமும் யாரோ பூ விற்கும் குரலும் கேட்டன. இன்ஸ்பெக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அமைதியான முகம். என் நோட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"பேரு?"

"ஜூட் சேர்."

"சேராம்ல, சேரு. ஜூட்டுன்னா என்னடா, ஜூவா? நீ யூதனா?"

"இல்லை சேர். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். புனிதரின்ர பேர்."

"இது ஒன் கையெழுத்துதான? 'வீட்டுக்கு ஒரு தலைப்பிள்ளை சாவு.' இது என்ன?"

"வாழ்த்து அட்டை சேர்."

அருகில் நின்ற காவலரின் லத்தி முழங்காலுக்குப் பின்னால் இறங்கியது. விழுந்தேன். எழச் சொன்னார்கள்.

"வாழ்த்து அட்டையில எதுக்குடா ரத்தம்?"

"பெருநாள் சேர். யூதரின்ர பெருநாள்."

"எந்த ஊர் பண்டிகையில பிள்ளையச் சாகடிக்கிறாங்க? ஒழுங்காச் சொல்லிரு."

பிறகு என் கைப்பேசியை எடுத்து நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "'இண்டைக்கு நானூறு பேர். எல்லாரையும் முடிச்சுப்போட்டுத்தான் வருவன்.' யாரு அந்த நானூறு பேரு? எப்படி முடிக்கப் போற?"

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் புழங்கும் ஒரு சொல் அந்த மேசையில் கத்தி மாதிரிக் கிடந்தது. சாப்பிட்டுப்போட்டு, குளிச்சுப்போட்டு, படுத்துப்போட்டு என்றுதானே நாங்கள் பேசுகிறோம் என்று விளக்கப் பார்த்தேன். விளக்க விளக்க என் வாயிலிருந்து முழுக்க முழுக்க மன்னார்த் தமிழ்தான் வந்தது. இருபது வருடமாகப் பழகிய மதுரைப் பேச்சு ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. நான் பேசப் பேச அவர்கள் கண்ணில் நான் இன்னும் தூரத்து ஆளாக ஆகிக்கொண்டிருந்தேன். உள்ளங்காலில் அடித்தார்கள். "அம்மா" என்று கத்தினேன். அது ஒன்றுதான் இரண்டு தமிழிலும் ஒன்றாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல், "வரையிற கை எது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். யோசிக்காமல் வலது கையை நீட்டிவிட்டேன். வேலை கேட்டுப் போகுமிடத்தில் பதில் சொல்வது மாதிரி. மேசைமேல் வைக்கச் சொன்னார். லத்தியின் அடிமுனையைச் சுட்டுவிரல்மேல் வைத்து அழுத்தினார் காவலர். அந்த நேரம் இன்ஸ்பெக்டரின் கைப்பேசி அடித்தது. அவர் கையைக் காட்ட, காவலர் அழுத்துவதை நிறுத்தினார். லத்தியை எடுக்கவில்லை, விரல்மேல் அப்படியே வைத்திருந்தார்.

"ஆமா, சொல்லு… மண்டபம் அவனியாபுரத்துலயே சொல்லியாச்சு… இல்லத்தா, கறிச்சோறுதான். பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை பச்சையா எடு, சேப்பு வேணாம்… வாரேன், ஒரு சின்ன வேலையா இருக்கேன். வச்சிர்றேன்."

கைப்பேசியை வைத்தார். தலையை அசைத்தார். சுட்டுவிரல் ஒடிந்த சத்தத்தைக் கேட்டேன். நடுவிரல் ஒடிந்தபோது எதுவும் கேட்கவில்லை.

பத்மநாபனை வரவழைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது எனக்குக் கேட்டது. "தினக்கூலிங்க சார். என்ன வரைவான், யாருக்கு அனுப்புவான்னு எனக்குத் தெரியாதுங்க. முகாம் ஆளுன்னு தெரிஞ்சா சேத்திருக்கவே மாட்டேன்." அவர் என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அந்த வார்த்தைகள் விரலைவிட வலித்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். விரல்தான் வலித்தது. அவர்மேல் கோபம் வர மூன்று நாளானது, அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது. அவருக்கும் வீடு, பிள்ளைகள், இந்த ஊரில் ஒரு பெயர் எல்லாம் இருந்தன.

முத்துப்பாண்டி அன்று மாலையே அந்தக் கட்டடத்து வாசலுக்கு வந்துவிட்டான். உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடைப் பக்கம் நின்றிருக்கிறான். போகச் சொன்னால் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து நின்றிருக்கிறான். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து இறங்கியதும் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி பின்னாலேயே ஓடி வந்துவிட்டான். "சார், சார், ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்க சார். அதுக்குப் பொறகு என்னையும் சேத்து அடிங்க சார்."

எதற்கு விட்டார்களோ தெரியாது. மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். இன்ஸ்பெக்டர் விரலை நீட்டித் திரையைத் தொட்டார். தவளை ஒன்று தாவி அரசனின் கிரீடத்தில் உட்கார்ந்து கத்தியது. மறுபடி தொட்டார். அரசனின் தட்டில் ஒன்று, தாடியில் ஒன்று. "ஏய், இங்க வந்து பாருய்யா" என்றார். காவலர்கள் வந்து குனிந்தார்கள். என் விரலை ஒடித்தவரும் வந்தார். "சார், மூக்கைத் தொடுங்க சார், மூக்கை." ஐந்தாறு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் தவளைகளைப் பார்த்து யாராவது அப்படிச் சிரிப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த நிலையிலும் எனக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. இதை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை.

பத்தாவது காட்சி வந்தது. இருண்ட தெரு, மூடிய கதவுகள், கிண்ணத்துக்கு மேலே ஒரு விரல். துளி மெதுவாக, மிக மெதுவாகப் பிரிந்து விழுந்தது. சிரிப்பு நின்றது.

"இது என்ன?"

"தலைப்பிள்ளையள் செத்தது சேர். அதுக்காக ஒரு துளி."

"யாரு பிள்ளைக?"

"எதிரியின்ர பிள்ளையள்."

"எதிராளி பிள்ளைக்கா?" இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிறுக்குப் பயலுக" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுதுகிறவரைக் கூப்பிட்டு ஏதோ எழுதச் சொன்னார். இனி தினமும் மாலை ஐந்து மணிக்கு முகாம் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் சிறை மாதிரிப் பூட்டிய சிறப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இடது கையால் பெருவிரல் ரேகை வைத்தேன். கைப்பேசியைத் திருப்பித் தந்தார்கள்.

வாசலுக்கு வந்தபோது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏய் சிலோன். பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். இந்த மாதிரி ஆடுற பத்திரிகை ஒண்ணு போட்டுக் குடு. மயில் வேணும். தொட்டா ஆடணும்."

முகாமுக்கு வந்ததும் நிரோஜா என் கையைப் பார்த்தாள். கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, "போவம். மன்னாருக்கே போவம்" என்றாள். அவள் இந்த முகாமில் பிறந்தவள். மன்னாரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "அங்க என்ன இருக்கு எண்டு உனக்குத் தெரியுமே?" என்றேன். "தெரியாது. இஞ்ச என்ன இருக்கு எண்டு தெரியும்" என்றாள்.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். "நீங்கள் போங்கோ. கப்பல் விட்டாலும் ப்ளேன் விட்டாலும் நான் அந்தக் கடலைத் தாண்டமாட்டன். என்ர மூத்தவன் அதுக்குள்ள கிடக்கிறான். அவன்ர மேலால நான் போகமாட்டன்."

ரூத்துக்குப் பத்மநாபன் என்ன எழுதினாரோ, 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருப்பார் போலிருக்கிறது. மீதிப் பட்டியலை முத்துப்பாண்டி அனுப்பி முடித்தான். பெருநாளுக்கு முதல் நாள் எனக்கே ஒரு மின்வாழ்த்து வந்தது. வாயில் வெப்பமானியோடு போர்வைக்குள் படுத்திருக்கும் ஒரு பூனை. தொட்டால் தும்மியது. கீழே ரூத் எழுதியிருந்தார்: "விரைவில் குணமாகுங்கள். எங்கள் விருந்தின் முடிவில் நாங்கள் சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு எருசலேமில். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்." நிரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எருசலேமுக்கு ஏன் எங்களைக் கூப்பிடுறா?" என்றாள். கூப்பிடவில்லை, போக முடியாத காலத்தில் தங்களுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள், அது பழகிவிட்டது என்றேன். அவள் பூனையைத் தொட்டாள். அது தும்மியது. மறுபடி தொட்டாள்.

காதணி விழாப் பத்திரிகையை நான் செய்தேன். பயத்தில்தான் செய்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. மறுபடி அலுவலகத்துக்குப் போய், என் பழைய மேசையில், இடது கையால் சுட்டியைப் பிடித்து, ஒரு மயிலுக்கு ஐந்து நாள். ஆனால் தோகையின் நிறத்தை நான்கு தடவை மாற்றியது பயத்தில் இல்லை. கோணலாக வந்த கழுத்தை அழித்து அழித்து வரைந்ததும் பயத்தில் இல்லை. அழகாக வர வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. அந்தக் குழந்தையின் புகைப்படத்தை இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்தார். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. பத்மநாபன் பின்னால் வந்து நின்று பார்த்தார். என் மேசையில் ஒரு தேநீரை வைத்தார். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டார்.

விழாவுக்கு நானும் வர வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஆள் விட்டிருந்தார். அழைப்பா உத்தரவா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நிரோஜா வரவில்லை. "நீங்கள் போனா நான் உங்களோட கதைக்கமாட்டன்" என்றாள். முத்துப்பாண்டியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவனியாபுரம் மண்டபத்து வாசலில் ஒரு பெரிய திரையில் என் மயில் ஆடிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் பச்சைப் பட்டுப்பாவாடையோடு குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் வீறிட்டுக் கத்தியது. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் குலவையிட்டது. இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்று, பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கத்தலில் என் உள்ளங்கால் இரண்டும் கூசின. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பந்தியில் எங்களுக்கு மூன்றாம் வரிசையில் இடம் கிடைத்தது. கையின் கட்டைப் பிரித்திருந்தார்கள். ஆனால் இரண்டு விரலும் மடங்கவில்லை. மற்ற விரல்களால் சோற்றை அள்ளிச் சாப்பிட்டேன். கறி வாளியோடு வந்தவர் என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "எந்த ஊருண்ணே நீங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் முத்துப்பாண்டி, "நம்ம ஊருதேன். எலும்பாப் பாத்து வைங்க" என்றான். அவரும் எலும்பாகப் பார்த்து, நல்லெலும்பு இரண்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வேட்டி சட்டையில் வரிசை வரிசையாக வந்து, "நல்லாச் சாப்பிடுங்க, கூச்சப்படாமக் கேட்டு வாங்குங்க" என்று எல்லோரையும் உபசரித்தார். என் பின்னால் வந்ததும் தோளில் கை வைத்தார். "கறி வந்துச்சா? மயிலு பிரமாதம்யா. எங்க டிஎஸ்பி கேட்டாரு, யாரு செஞ்சதுன்னு." பிறகு அதே கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலாகப் போகுது. அஞ்சு மணிக்குக் கையெழுத்து இருக்குல்ல? லேட்டாக்கிராத, கெளம்பு."

பாயசம் இன்னும் வரவில்லை. முத்துப்பாண்டி பக்கத்தில் தன் இலையைத் தன் பக்கமாக மடித்து, அழுத்திவிட்டு எழுந்தான். நானும் மடித்தேன். விறைத்த விரல்களுக்கு அழுத்த வரவில்லை. கையை எடுத்ததும் இலை மெல்ல விரிந்துகொண்டது.